டி.எஃப்.சி. பதக்கத்தில் கிடைமட்டக் கோடு போட்ட நாடா: அசலா, பின்னாளில் கோத்ததா?

கோவை_நாணயப்பெட்டி:

அனைவருக்கும் வணக்கம். நாணயங்களில் தொடங்கிய என் சேகரிப்பு சில காலமாக முதல் உலகப்போர்க் கால விமானப்படைப் பதக்கங்களின் பக்கம் திரும்பியுள்ளது. நாணயத்தைப் பார்த்து மதிப்பிட ஓரளவு பழகியிருக்கிறேன். ஆனால் பதக்கத்தில் உலோகத்தோடு துணியும் சேர்ந்து வருகிறது. அதில் அனுபவம் உள்ளவர்களின் வழிகாட்டுதலைக் கேட்டே எழுதுகிறேன்.

ஒரு வணிகரிடம் மூன்று பதக்கங்கள் ஒரே ஊசிப்பட்டையில் வரிசையாகத் தைக்கப்பட்ட நிலையில் விற்பனைக்கு இருக்கின்றன. முதலாவது வெள்ளியாலான டிஸ்டிங்விஷ்டு ஃபிளையிங் கிராஸ் (சுருக்கமாக டி.எஃப்.சி.) என்ற பிரிட்டிஷ் விமானப்படையின் சிலுவை வடிவ வீரப் பதக்கம். அதன் பின்புறத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் எழுத்து முத்திரையும் 1918 என்ற ஆண்டும் உள்ளன. பெயர் எங்கும் இல்லை. அதன் நாடாவில் ஊதாவும் வெள்ளையும் மாறிமாறிக் கிடைமட்டக் கோடுகளாகச் செல்கின்றன. இரண்டாவது, நடுவில் ஆரஞ்சு நிறமும் இருபுறமும் வெள்ளை, கறுப்பு, நீலக் கோடுகளும் கொண்ட நாடாவில் தொங்கும் பிரிட்டிஷ் வார் மெடல். மூன்றாவது, வானவில் நிற நாடாவில் தொங்கும் விக்டரி மெடல். பின்னிரண்டின் விளிம்பிலும் 2 என்று தொடங்கும் ஓர் ஆறிலக்க எண்ணும், 2.ஏ.எம். என்ற எழுத்துகளும், ஒரு பெயரும், இறுதியில் ஆர்.ஏ.எஃப். என்பதும் பொறிக்கப்பட்டுள்ளன.

மூன்றும் ஒரே விமானிக்கு வழங்கப்பட்டவை என்றும், கிடைமட்டக் கோடுகள் 1918ஆம் ஆண்டு நாடாவுக்கே உரியவை ஆகையால் அதுவே போதிய சான்று என்றும் வணிகர் சொல்கிறார். விலையும் அதற்கேற்ப உள்ளது. பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் வைத்துப் பரிசோதிக்க இசைந்திருக்கிறார். நாடாவை மட்டும் சான்றாகக் கொள்ளலாமா என்பது என் முதற்கேள்வி. விக்டரி மெடலின் நாடா மடிப்பில் இற்று நைந்திருப்பதால் அதை மாற்றிப் புதியது கோக்கலாமா என்பது இரண்டாவது. இந்தத் துறையில் நடுத்தர வருவாய் உள்ள ஒருவர் எவ்வழியில் சேகரிப்பை வளர்ப்பது நல்லது என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பழைய_நாடா:

வணக்கம். வணிகர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியிலிருந்தே தொடங்குகிறேன்.

பிரிட்டனின் தரைப்படை விமானப் பிரிவான ராயல் ஃபிளையிங் கோர், கடற்படை விமானப் பிரிவான ராயல் நேவல் ஏர் சர்வீஸ் என்ற இரு படைகளையும் இணைத்து 1918 ஏப்ரல் 1 அன்று ராயல் ஏர் ஃபோர்ஸ் (ஆர்.ஏ.எஃப்.) உருவாக்கப்பட்டது. தரைப்படைக்கும் கடற்படைக்கும் இருந்ததுபோலப் புதிய படைக்கும் தனி விருதுகள் வேண்டும் என்பதால் அதே ஆண்டு ஜூன் 3 அன்று நான்கு விருதுகள் ஒருசேர நிறுவப்பட்டன. எதிரியோடு போரிடுகையில் காட்டிய வீரத்துக்கு அதிகாரிகள் டி.எஃப்.சி.யும் மற்ற நிலையினர் டி.எஃப்.எம். (டிஸ்டிங்விஷ்டு ஃபிளையிங் மெடல்) என்ற நீள்வட்ட வெள்ளிப் பதக்கமும் பெற்றனர். எதிரியோடு நேரடியாகப் போரிடாத பறத்தலில் காட்டிய துணிவுக்கு அதேபோல ஏ.எஃப்.சி.யும் (ஏர் ஃபோர்ஸ் கிராஸ்) ஏ.எஃப்.எம்.மும் (ஏர் ஃபோர்ஸ் மெடல்) வழங்கப்பட்டன. நான்கின் நாடாக்களும் முதலில் கிடைமட்டக் கோடுகளோடுதான் நெய்யப்பட்டன. போர்ப் பறத்தலுக்கு ஊதாவும் வெள்ளையும், மற்றதற்குச் சிவப்பும் வெள்ளையும் நிறங்களாக அமைந்தன. அதிகாரிகளின் நாடாவில் ஒவ்வொரு கோடும் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு அகலம். மற்ற நிலையினருக்கு அதில் பாதி. 1919 ஜூலையில் இக்கோடுகள் 45 பாகை சாய்வுக்கு மாற்றப்பட்டு இன்றுவரை அப்படியே தொடர்கின்றன. ஆக, கிடைமட்ட நாடா சுமார் பதின்மூன்று மாதங்களே புழக்கத்தில் இருந்தது. அக்காலத்து அசல் துண்டு கிடைத்தால் அது உண்மையிலேயே அரிய பொருள்தான்.

அரிதானது என்பதாலேயே அதைப் பார்த்து நெய்த நாடா இன்று அடிக்கணக்கில் விற்கப்படுகிறது. அதனால் கோடுகளின் திசை எந்த நாளின் வடிவம் என்பதை மட்டுமே சொல்லும். எந்த நாளில் நெய்தது என்பதைச் சொல்லாது. எதிர்ப்பக்கமும் இதுபோலத்தான். 1918இல் விருது அறிவிக்கப்பட்டவர் 1919 ஜூலைக்குப் பிறகு சீருடையில் இருந்திருந்தால் சாய்கோட்டு நாடாவுக்கு மாறியிருப்பார் என்பதால், சாய்கோடு இருப்பதை வைத்து ஒரு சிலுவைப் பதக்கத்தைப் போலி என்று தள்ளிவிடவும் கூடாது. இந்த மாற்றம் மிகவும் பயன்படுவது புகைப்படங்களில்தான். கறுப்பு வெள்ளைப் படத்திலும் கோடுகளின் திசை தெளிவாகத் தெரியும் என்பதால், ஒரு படம் மாற்றத்துக்கு முன்பு எடுத்ததா பின்பு எடுத்ததா என்பதை அதைக்கொண்டே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இனி உங்கள் கையில் உள்ள மூன்றுக்கு வருகிறேன். எனக்கு நாடாவைவிட விளிம்புதான் கவலையளிக்கிறது. 2.ஏ.எம். என்பது இரண்டாம் வகுப்பு ஏர் மெக்கானிக்கைக் குறிக்கும். டி.எஃப்.சி. அதிகாரிகளுக்கும் வாரண்ட் அதிகாரிகளுக்கும் உரியது. ஓர் ஏர் மெக்கானிக் வானில் வீரம் காட்டியிருந்தால் டி.எஃப்.எம். பெற்றிருப்பார். கீழ்நிலையில் சேர்ந்து பின்னர் அதிகாரியாகி டி.எஃப்.சி. பெற்றவர்களும் உண்டு என்பது உண்மை. ஆனால் அத்தகையோரின் போர்ப் பதக்க விளிம்பில் பெரும்பாலும் அதிகாரி நிலையே பொறிக்கப்பட்டிருக்கும்.

அந்த ஆறிலக்க எண்ணும் ஒரு செய்தியைச் சொல்கிறது. கடற்படையின் விமானப் பிரிவில் இருந்தவர்களின் எண்கள் எஃப் என்ற எழுத்தோடு தொடங்கியிருந்தன. 1918 ஏப்ரலில் அவர்கள் புதிய படைக்கு மாற்றப்பட்டபோது ஒவ்வொருவரின் பழைய எண்ணோடும் இரண்டு லட்சம் கூட்டப்பட்டது. எஃப்.31000 என்று இருந்தவர் 231000 ஆனார். உங்கள் எண் 200001க்கும் 255000க்கும் இடையில் இருக்குமானால், இந்த மனிதர் ராயல் நேவல் ஏர் சர்வீஸிலிருந்து வந்தவர் என்று துணிந்து சொல்லலாம். விளிம்பில் ஆர்.ஏ.எஃப். என்று மட்டுமே இருக்கும் ஒரு பதக்கம் அதற்கு முந்தைய வரலாற்றையும் எண்ணில் வைத்திருப்பதே இத்துறையில் என்னை மிகவும் ஈர்த்த விஷயம்.

ஒரு வார அவகாசத்தில் மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். ரூபாய் நோட்டைச் சரிபார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் புற ஊதா விளக்கை இருட்டறையில் மூன்று நாடாக்கள் மீதும் தையல் நூலின் மீதும் பாய்ச்சிப் பாருங்கள். நூலுக்கு வெண்மை கூட்டும் ஒளிர்பொருள்கள் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகே பரவலாயின. பிற்கால நூல் அதனால் பளீரென்று நீலவெண்மையாக ஒளிரும். அடுத்து, இரு வட்டப் பதக்கங்களின் விட்டத்தையும் கேலிப்பரால் அளந்து பாருங்கள். இரண்டும் 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பழைய பெயரை அராவி அகற்றிவிட்டு வேறு பெயரைப் பொறித்திருந்தால் அளவு சற்றுக் குறையும். விளிம்பும் முகப்பும் கூடும் இடத்தின் கூர்மையும் மழுங்கியிருக்கும். கடைசியாக, பதக்கங்கள் ஒன்றோடொன்று உரசிய தடங்களை உருப்பெருக்கியில் தேடுங்கள். ஒரே பட்டையில் நெடுங்காலம் அணியப்பட்டவை ஒன்றின் மீது ஒன்று சிறு தழும்புகளை விட்டுச் செல்லும். டி.எஃப்.சி. அகலமானது, அதன் கைமுனைகள் அருகிலுள்ள வார் மெடலின் மீது பட்டே இருக்க வேண்டும்.

காஞ்சிப்பட்டு:

வணக்கம். துணிப் பாதுகாப்பில் பணியாற்றும் நான் இரண்டாவது கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன்: நைந்த நாடாவைத் தயவுசெய்து மாற்றாதீர்கள்.

நைந்த மடிப்பு உலோகத்தில் இல்லாத செய்தியைக் கொண்டிருக்கிறது. வெளிச்சம் பட்ட முன்புறத்தில் சாயம் வெளுத்தும், பட்டைக்குள் மடிந்த பகுதியில் அடர்ந்தும் இருந்தால் அந்த நாடா அதே மடிப்பில் நெடுங்காலம் இருந்தது என்று பொருள். செயற்கையாகப் பழமை ஏற்றப்பட்ட நாடாவில் இந்த வேறுபாடு இராது. தேயிலைச் சாற்றில் தோய்த்ததன் பழுப்பு உள்ளும் புறமும் ஒரே சீராகப் பரவியிருக்கும். மேலே ஐயா சொன்ன புற ஊதாச் சோதனையோடு ஒரு எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். இன்றைய சலவைத்தூளில் வெண்மையூட்டி கலந்திருப்பதால், எப்போதோ ஒருமுறை துவைக்கப்பட்ட பழைய பருத்தி நாடாவும் ஒளிரக்கூடும். ஒளிராதது நல்ல அறிகுறி. ஒளிர்வது மட்டும் தீர்ப்பாகாது. நெசவின் நுட்பத்தையும் சாயத்தின் நிலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சிலர் நூலை எரித்துப் பார்க்கச் சொல்வார்கள். பட்டு, மயிர் தீயும் வாடையோடு கருகும். பாலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும். ஏற்கெனவே கழன்று விழுந்த இழையில் அல்லாமல் வேறெங்கும் இதைச் செய்யாதீர்கள்.

நைந்த இடத்துக்கு அடியில் துவைத்துக் கஞ்சி நீக்கிய மெல்லிய பட்டுத் துணியை வைத்து, மிக நுண்ணிய ஊசியால் தளர்வாகத் தாங்குதையல் போட்டால் போதும். பசை எதுவும் கூடாது. காட்சிக்கு வைக்கும்போது பதக்கத்தின் எடை நாடாவில் தொங்காதபடி சாய்வுப் பலகையில் கிடத்துங்கள். பளபளப்பான மென்பிளாஸ்டிக் உறைகளில் பெரும்பாலானவை பி.வி.சி.யால் ஆனவை, நம் ஊர் வெப்பத்தில் அவற்றிலிருந்து கசியும் பிசுபிசுப்பு வெண்கலத்தில் பச்சையாகவும் துணியில் கறையாகவும் படியும். அமிலமற்ற தாளில் சுற்றி, ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைப்பதே நல்லது. ரப்பர் வளையத்தை அருகிலும் வைக்காதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பித்தளை துலக்கும் பசையால் தேய்த்தால் விக்டரி மெடலின் மேல் பூச்சு முழுவதும் போய்விடும். அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

கோவை_நாணயப்பெட்டி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்ன முறைப்படி எல்லாவற்றையும் சோதித்துவிட்டேன்.

சிலுவைப் பதக்கத்தின் நாடா புற ஊதா விளக்கின் கீழ் முழுவதும் ஒளிர்ந்தது. வெள்ளைக் கோடுகள் கண்ணைப் பறிக்கும் அளவுக்கு ஒளிர்ந்தன. மடிப்பின் உட்புறத்தை உருப்பெருக்கியில் பார்த்தேன். ஊதா நிறம் உள்ளும் புறமும் ஒன்றாகவே உள்ளது. மற்ற இரு நாடாக்களும் ஒளிரவில்லை. விக்டரி மெடலின் நாடா மடிப்புக்குள் நன்றாகச் சிவந்தும் வெளியே மங்கியும் இருக்கிறது. மூன்றையும் பட்டையோடு இணைக்கும் தையல் நூல் ஒளிர்கிறது.

வட்டப் பதக்கங்கள் இரண்டும் சரியாக 36 மில்லிமீட்டர் இருக்கின்றன. வார் மெடலில் விக்டரி மெடல் பக்கத்து விளிம்பில், பெயரின் இறுதி எழுத்துகளுக்கு அருகே, சிறு சிறு தழும்புகள் நெருக்கமாக உள்ளன. விக்டரி மெடலிலும் அவற்றுக்கு நேரெதிரே தழும்புகள் இருக்கின்றன. சிலுவைப் பதக்கம் தொங்கும் பக்கத்தில் வார் மெடலின் முகப்பு புதிது போல வழுவழுப்பாக உள்ளது. எண் நீங்கள் சொன்ன இரண்டு எல்லைகளுக்கு இடையில்தான் வருகிறது.

பழைய_நாடா:

இவ்வளவு கவனமாகப் பார்த்துச் சொன்னதற்கு நன்றி. இரு வட்டப் பதக்கங்களும் தொடக்கம் முதல் ஒன்றாக இருந்த இணை என்பதில் எனக்கு ஐயமில்லை. சிலுவைப் பதக்கம் பிற்பாடு கொண்டுவந்து சேர்க்கப்பட்டது. தையல் நூல் ஒளிர்வதும் இதற்கு ஒத்துப்போகிறது. பழைய இணையைப் பிரித்து மூன்றாவதுக்கு இடம் விட்டு மீண்டும் தைத்திருக்கிறார்கள்.

சிலுவைப் பதக்கமே போலியா என்பது வேறு கேள்வி. அசல் டி.எஃப்.சி.யை எட்வர்ட் கார்ட்டர் பிரெஸ்டன் வடிவமைத்தார். அச்சில் வைத்து அடித்ததால் நடுவிலுள்ள சிறகு விரித்த ரோஜாவின் இறகுக் கோடுகளும், நான்கு புரொப்பெல்லர் அலகுகளின் ஓரங்களும், நாடாவைத் தாங்கும் பட்டையோடு இணைக்கும் லாரல் இலைக்கொத்தும் கூர்மையாக இருக்கும். அசலிலிருந்து வார்ப்பெடுத்த நகலில் இவ்விடங்கள் மழுங்கி, பள்ளங்களில் ஊசிமுனைத் துளைகள் தெரியும். உலோகம் குளிரும்போது சுருங்குவதால் மொத்த அளவும் சற்றுக் குறையும். முதல் உலகப்போர்க் கால டி.எஃப்.சி.க்களில் பெயர் பொறிப்பது வழக்கமில்லை. கீழ்க்கையின் பின்புறம் ஆண்டைப் பொறிக்கும் வழக்கமும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில்தான் வந்தது. எனவே பெயரில்லாமை குறையன்று. ஆனால் பெயரில்லாத பதக்கம் யாருடையது என்பதை நாடா சொல்லாது, வணிகரின் வாய்மொழியும் சொல்லாது. ஆவணம் ஒன்றே சொல்லும்.

இந்திரலால் ராயை எடுத்துக்கொள்ளுங்கள். கொல்கத்தாவில் பிறந்து, 40ஆம் ஸ்குவாட்ரனில் பறந்து, 1918 ஜூலையில் இரண்டு வாரங்களுக்குள் பத்து எதிரி விமானங்களை வீழ்த்திய அவர், அம்மாதம் 22ஆம் நாள் பிரான்ஸின் வான்வெளியில் பத்தொன்பது வயதில் வீழ்ந்தார். டி.எஃப்.சி. பெற்ற முதல் இந்தியர் அவர். அவர் இறந்தபின் செப்டம்பரில்தான் அது பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டில் அறிவிக்கப்பட்டது. அத்தகைய ஒருவரின் சிலுவைப் பதக்கத்தையும், அதே வாரம் அதே விருதைப் பெற்ற வேறொருவரின் பதக்கத்தையும் அருகருகே வைத்தால் உலோகத்தைக் கொண்டு வேறுபடுத்த வழியே இல்லை. குடும்பக் கடிதம், அரண்மனைக் குறிப்பு, கெசட் அறிவிப்பு, பழைய ஏலப் பட்டியல் ஆகியவற்றின் தொடர்ச்சி அறாமல் வந்தால் மட்டுமே ஒரு டி.எஃப்.சி.க்கு உரியவர் பெயர் நிற்கும். போர்க் காலத்தில் வழங்கப்பட்டவை சுமார் 1,100 என்பதால் பெயர்களைத் தேடுவது அவ்வளவு கடினமன்று. கெசட்டின் பழைய இதழ்களை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். உங்கள் மெக்கானிக்கின் பெயரையும் அதில் தேடிவிடுங்கள். இல்லையென்றால் விஷயம் முடிந்தது.

என் ஆலோசனை இதுதான். சிலுவைப் பதக்கத்தை வணிகரிடமே விட்டுவிட்டு இணைக்கு மட்டும் விலை பேசுங்கள். ஒரு மெக்கானிக்கின் இணை என்பதால் அதை எளிதாக எண்ணிவிடாதீர்கள். மரச்சட்டமும் துணியும் கம்பியுமாக இருந்த அந்த விமானங்கள் மறுநாள் காலை மேலெழுந்ததற்கு இரவெல்லாம் விழித்து என்ஜினைப் பிரித்துக் கோத்த இவர்களே காரணம். விமானிகளைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டுவிட்டது. இவர்களுக்கு எஞ்சியிருப்பது பல நேரங்களில் இந்த விளிம்புப் பொறிப்பு மட்டுமே. படைவீரர்களின் பணிப்பதிவுகள் லண்டனின் கியூ என்ற பகுதியிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் ஏர் 79 என்ற வரிசையில் இருக்கின்றன. அதிகாரிகளுடையவை ஏர் 76. எண் உங்களிடம் இருப்பதால் அவரது பக்கத்தை எளிதில் எடுத்துவிடலாம். எந்தத் தொழிலிலிருந்து வந்தார், எங்கெங்கே பணியாற்றினார் என்பதெல்லாம் பெரும்பாலும் அதில் இருக்கும்.

வேலூர்_அஞ்சல்தலை:

மூன்றாவது கேள்வி இன்னும் நிற்கிறது என்பதால் எழுதுகிறேன். வீரப் பதக்கங்களைத் துரத்துவது செலவு மிகுந்த வழி. ஏமாற்றும் அங்குதான் மிகுதி. குறிப்பாக ஜெர்மனியின் உயர் வீர விருதான போர் லெ மெரிட் பக்கம் தொடக்கத்தில் போகவே வேண்டாம். 1916 ஜனவரி 12 அன்று போயல்கேவும் இம்மல்மானும் விமானிகளில் முதன்முதலாக அதைப் பெற்றதிலிருந்து அந்த நீலச் சிலுவைக்கு ஒரு தனிக் கவர்ச்சி வந்துவிட்டது. நகல்களும் அதற்கேற்பப் பெருகிவிட்டன.

பிரெஞ்சு வீரப் பதக்கமான குவா டி கேர் (போர்ச் சிலுவை) இதற்கு நல்ல மாற்று. 1915 ஏப்ரலில் நிறுவப்பட்ட அது ஏராளமாக வழங்கப்பட்டதால் இன்றும் கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது. அதன் நாடாவே ஒரு பதிவேடு: பல கோர்கள் சேர்ந்த ராணுவம் என்ற மட்டத்தில் பாராட்டப்பட்டால் வெண்கலப் பனையோலை, கோர் மட்டத்தில் பொன்பூச்சு நட்சத்திரம், டிவிஷன் மட்டத்தில் வெள்ளி நட்சத்திரம், அதற்குக் கீழே வெண்கல நட்சத்திரம் என்று ஒவ்வொரு பாராட்டும் பச்சை நாடாவின் மீது குத்தப்படும். வான்போரில் 75 வெற்றிகள் உறுதிசெய்யப்பட்ட பிரெஞ்சு விமானி ரெனே ஃபோங்க் 28 பனையோலைகள் பெற்றவர்; அவற்றைத் தாங்க நாடாவை நீட்ட வேண்டியிருக்கும். பதக்கத்தின் பின்புறத்தில் 1914–1915 முதல் 1914–1918 வரை நான்கு விதமாக ஆண்டுகள் வருவதால் நான்கையும் சேர்ப்பதே ஒரு சிறு இலக்காக அமையும்.

எனக்கு மிகவும் பிடித்தவை போருக்கு முந்தைய விழாப் பதக்கங்கள். 1909 ஜூலை 25 அன்று பிளேரியோ விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்ததும், அடுத்த மாதமே ரேம்ஸ் நகரில் ஒரு வாரம் நடந்த பெரும் விமான விழாவும் பிரான்ஸின் பதக்கச் சிற்பிகளை உடனே வேலையில் இறக்கின. கர்டிஸ் என்ற விமானி வேகத்துக்கான கோர்டன் பென்னெட் கோப்பையை வென்றதும், ஃபார்மான் என்பவர் 180 கிலோமீட்டர் தொடர்ந்து பறந்ததும் அந்த ரேம்ஸ் விழாவில்தான். பாரிஸ் நாணயச்சாலையில் அடித்தவை என்றால் விளிம்பில் வளமைக்கொம்பு முத்திரையும், உலோகத்துக்கேற்ப வெண்கலம் அல்லது வெள்ளி என்னும் பிரெஞ்சுச் சொல்லும் சிறியதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 1880 முதல் இந்த வழக்கம் தொடர்கிறது. நாணயம் பார்த்துப் பழகிய உங்கள் கண்ணுக்கு இது வீட்டுப்பாடம் போன்றது. ஆனால் அதே அச்சில் பிற்காலத்தில் மறுபடி அடித்தவையும் சந்தையில் உண்டு என்பதால் மேற்பரப்பின் பழுப்பையும் விளிம்பின் நிலையையும் சேர்த்தே பாருங்கள்.

இன்னொன்றையும் நினைவில் வைத்திருங்கள். நூறு ஆண்டுகளைக் கடந்த இத்தகைய பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்தின் வரம்புக்குள் வரக்கூடும். 1918ஆம் ஆண்டுப் பதக்கமும் அந்த வயதை எட்டிவிட்டது. வாங்கி வைத்திருப்பதில் தயக்கம் வேண்டாம். ஆனால் பிற்காலத்தில் வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பும் எண்ணம் வந்தால், தொல்லியல் துறையிடம் முறையாகக் கேட்டறியாமல் பொட்டலத்தைக் கட்டாதீர்கள். வணிகரிடம் எழுத்துப்பூர்வமான ரசீதை இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். அதில் விளிம்புப் பொறிப்பு எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கட்டும்.

கோவை_நாணயப்பெட்டி:

கெசட்டில் தேடினேன், அந்தப் பெயரில் டி.எஃப்.சி. அறிவிப்பு எதுவும் இல்லை. சிலுவைப் பதக்கம் இல்லாமல் இணையை மட்டும் தர வணிகர் ஒப்புக்கொண்டுவிட்டார். விளிம்புப் பொறிப்பை முழுமையாக எழுதி ரசீதும் தந்தார். ஏர் 79 பதிவின் நகலுக்கு விண்ணப்பம் அனுப்பியுள்ளேன். காஞ்சிப்பட்டு அவர்களே, தாங்குதையலுக்கு உள்ளே வைக்கும் பட்டுத் துணிக்குச் சாயம் ஏற்ற வேண்டுமா, வெள்ளையாகவே வைக்கலாமா என்று மட்டும் சொல்லுங்கள்.

காஞ்சிப்பட்டு:

சாயமேற்றாத வெள்ளைப் பட்டே போதும். ஈரக்காற்றில் சாயம் கசிந்து பழைய நாடாவில் இறங்கும் ஆபத்து அதில் இல்லை. எது அசல், எது பிற்பாடு வைத்த தாங்குதுணி என்பதும் அடுத்துப் பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். என்றைக்கு, எந்தத் துணியால் இதைச் செய்தீர்கள் என்று ஒரு சிறு தாளில் எழுதிப் பெட்டிக்குள் பதக்கத்தோடு வையுங்கள்.